தோல் மஞ்சளானால் பழமாகிவிடாது

குறிஞ்சாக்கேணி,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார்சலைப் பிரித்ததும் நீ முதலில் கருவாட்டைத்தான் தேடுவாய் என்று தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கருவாட்டுப் பொதிக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் முழுதாகக் கேட்கிறாயா? "சரி ராத்தா, சரி ராத்தா" என்று பாதியில் வெட்டிவிட்டு, மறுநாள் அதையே திரும்பக் கேட்டு வொய்ஸ் போடுவாய். எழுதித் தந்தால் குசினிச் சுவரில் ஒட்டி வைத்தாவது பார்ப்பாய்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. நல்ல புளிவாழைச் சீப்பு ஒன்றைப் பச்சையாக வாங்கி, பிரிட்ஜுக்குள் வைத்து, தோல் கறுத்ததும் பழுத்துவிட்டது என்று உரித்திருக்கிறாய். உள்ளே வெள்ளை வெளேரென்று காய். தரம் 10 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் நீ. கரும்பலகையில் எதிலீன் என்று எழுதிக் கீழே கோடு போடுகிறவளுக்கு அறையில் கிடக்கிற வாழைக்காயைப் பழுக்க வைக்கத் தெரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? உன் மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, "ரீச்சருக்குச் செய்முறைப் பரீட்சையில் பூச்சியம்" என்றார். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன்.

முதலில் அந்தச் சீப்பின் கதையை முடிப்போம். வாழைக்காய் குளிர் தாங்காது. 13 பாகைக்குக் கீழே போனால் தோலுக்குள் இருக்கிற கலங்கள் காயப்பட்டு, அந்தக் காயம்தான் கறுப்பாகத் தெரிகிறது. அது பழுத்த கறுப்பு அல்ல, அடிபட்ட கறுப்பு. அப்படிக் காயப்பட்ட காயை வெளியே எடுத்து வைத்தாலும் இனி ஒழுங்காகப் பழுக்காது, ருசியும் ஏறாது. அதனால் அதோடு மல்லுக்கட்டாதே. தோலைச் சீவி, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கு. வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொடு.

இங்கே எல்லாரும் சுகம். வாடைக்காற்று இன்னும் அடங்கவில்லை. கிணற்றடி வாழையில் இரண்டு சாய்ந்துவிட்டன. முட்டுக் கொடுத்தவைதான் தப்பின. உம்மாவின் முழங்கால் பழையபடிதான். சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை ஒழுங்காகப் போடுகிறா என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விடு. குளிசை போடுகிறா, உண்மைதான். ஆனால் வாழைப்பழத்தில் கள்ளம் செய்கிறா. நன்றாகக் கனிந்த பழத்தில் சீனி கூட, செங்காயாகச் சின்னப் பழம் ஒன்று சாப்பிடலாம் என்று கிளினிக் மிஸ் சொல்லியிருந்தா. அதைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆனைவாழைப் பழமாகப் பார்த்து எடுக்கிறா. அது நம்முடைய வெக்கைக்குத் தோல் பாதிப் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்துவிடும். கேட்டால், "தோலப் பாரு புள்ள, பச்சையாத்தானே கிடக்கு" என்று தோலைத் தூக்கிக் காட்டுகிறா. நீ குளிர் ஊரில் கறுத்த தோலைப் பார்த்து ஏமாந்தாய், உம்மா வெயில் ஊரில் பச்சைத் தோலைக் காட்டி என்னை ஏமாற்றுகிறா. நீ போன் எடுக்கும்போது கொஞ்சம் கண்டித்துச் சொல். நான் சொன்னால் மூத்தவள் அதிகாரம் செய்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறா.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதும் இதைத்தான். தோல் ஒரு வேலை செய்கிறது, சதை வேறொரு வேலை செய்கிறது. தோலின் பச்சை போவது ஒன்று. உள்ளே இருக்கிற மா சீனியாக மாறுவது இன்னொன்று. பச்சைக் காயின் சதையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் மாப்பொருள்தான். நன்றாகக் கனிந்தபோது அதில் ஒன்றோ இரண்டோதான் மிச்சம், மற்றதெல்லாம் சீனி. இரண்டும் ஒன்றாக நடந்தால் நல்ல பழம். சூடு கூடினாலும் குளிர் கூடினாலும் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். குறுக்கு வழி என்று ஊரில் சொல்வதில் முக்கால்வாசி தோலைத்தான் மாற்றும். நீ செய்யப்போகிறேன் என்ற கேக்குக்குப் போடப்போவது தோலையா?

வாப்பாவின் கிடங்கு உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் அவர் என்ன செய்தார் என்று பார்த்திருக்கமாட்டாய். புகை என்றால் நீ மாமி வீட்டுக்கு ஓடிவிடுவாய், கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகிறவள் நான். நோன்பு வர முன்னும் கந்தூரிக்கு முன்னும் குலை வெட்டினால், குசினிக்குப் பின்னால் முழங்கால் ஆழத்தில் கிடங்கு வெட்டுவார். அடியிலும் பக்கத்திலும் வாழைச் சருகு. சீப்புகளை வெட்டிப் பால் வடியவிட்டுத்தான் அடுக்குவார். மேலே சருகு, அதற்கு மேல் பலகை, சாக்கு, மண். ஒரு மூலையில் மட்டும் துவாரம். அதில் பொச்சுமட்டையைக் கனலவிட்டு, சுவாலை எழும்பாமல் புகையை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். சுவாலை எழும்பினால் ஏச்சு விழும். பிறகு துவாரத்தையும் மண் போட்டு மூடிவிடுவார். மறுநாள் திறந்தால் காய் பழுத்திருக்காது, சற்று வெளிறி மட்டும் இருக்கும். எடுத்துக் காற்றுப்பட வைத்தால், அதற்குப் பிறகுதான் ஒரே சீராக மஞ்சள் ஏறும். "நெருப்புக் கொடுக்கிறதில்ல, பழுக்கத் தொடங்கச் சொல்லிக் கொடுக்கிறது" என்பார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

இப்போது என் மூத்தவனின் உயர்தர உயிரியல் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விளங்குகிறது. முழுதாக எரியாமல் கனலுகிற பொச்சின் புகையில் எதிலீன் இருக்கிறது. பொத்திவைத்த கிடங்கில் கொஞ்சம் சூடும் இருக்கிறது. காய்க்கு அந்த வாயு பட்டதும் அது தானாகவே எதிலீன் விடத் தொடங்கும். ஒரு காய் விட்டால் பக்கத்துக் காய்க்கும் பிடிக்கும். அதற்குப் பிறகு புகை தேவையில்லை, பழுப்பதை நிறுத்தவும் முடியாது. சீனாவில் அந்தக் காலத்தில் அறையைப் பூட்டி ஊதுபத்தி கொளுத்திப் பேரிக்காய் பழுக்க வைத்தார்களாம். அவர்களுக்கும் வாப்பாவுக்கும் வாயுவின் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருக்கிறது.

பெயர் தெரிந்த கதை இன்னும் நல்லாயிருக்கு. உன் வகுப்பில் சொல்லு, பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். 1901இல் ரஷ்யாவில் நெலியுபோவ் என்ற மாணவர், ஆய்வுகூடத்தில் விளக்கெரிக்கும் வாயு கசிகிற இடத்தில் பட்டாணி முளைகள் கோணலாக வளர்வதைப் பார்த்து, அந்த வாயுவில் இருக்கிற எதிலீன்தான் அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். 1910இல் ஜமெய்க்காவில் கசின்ஸ் என்ற விவசாய அதிகாரி, கப்பலில் தோடம்பழத்தையும் வாழைக்காயையும் ஒன்றாக ஏற்றாதீர்கள், தோடையிலிருந்து வருகிற ஏதோ ஒன்று வாழைக்காயை வழியிலேயே பழுக்க வைக்கிறது என்று எழுதி வைத்தார். பூஞ்சணம் பிடித்த தோடைதான் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும், பூஞ்சணமும் எதிலீன் விடும் என்று பிற்காலத்தில் சொன்னார்கள். பிறகு 1934இல் இங்கிலாந்தில் கேன் என்பவர், பழுக்கிற பழமே எதிலீனை உண்டாக்குகிறது என்று இரசாயன முறையில் நிறுவினார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வாப்பாவின் கிடங்கையும் சொல்லு. புகை போட்ட மனிதனை விட்டுவிட்டு வெள்ளைக்காரர் பெயரை மட்டும் மனப்பாடம் பண்ண விடாதே.

சரி, இனி உன் வேலைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை பிரதி அதிபரின் பிரியாவிடைக்கு நீ கேக் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அதைக் கேட்டதே சந்தோசம். போன தவணை முழுக்க ஆசிரியர் அறையில் ஒருத்தரோடும் கதைக்காமல் மூலையில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தவள், இப்போது கேக் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்திருக்கிறாய். நல்லது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும்.

பார்சலில் ஒரு சீப்புக் கதலி பச்சையாக இருக்கிறது. கிணற்றடி மரத்துக் குலை. காய்கள் உருண்டுவிட்டன, விளிம்பு தெரியவில்லை பார். விளிம்பு கூராக இருந்தால் முற்றவில்லை என்று அர்த்தம். முற்றாத காயை என்ன செய்தாலும் வாடுமே தவிர இனிக்காது. கடையில் வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்கு. பச்சைச் சீப்போடு தனியாகக் கடதாசியில் சுற்றிச் சில கனிந்த பழம் வைத்திருக்கிறேன். அவற்றைத் தின்றுவிடாதே. உன் பச்சைக்காய்க்கு வாப்பாவின் புகைக்குப் பதிலாக நான் அனுப்புகிறது அவைதான். பஸ்ஸில் நசுங்கிப்போயிருந்தால், ரோட்டோரத்தில் விற்கிற பேரிக்காயில் நன்றாகக் கனிந்ததாக ஒன்றோ இரண்டோ வாங்கு. அதுவும் எதிலீன் விடுகிற பழம். அப்பிளும் சரிதான், பழுத்த தக்காளி கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும்.

உன் ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த மாதத்தில் விடியற்புறம் புல்லில் பனி உறைகிற இடம். அந்தக் குளிரில் மேசைமேல் வைத்தால் அது காயாகவே கிடக்கும். காய் நன்றாகப் பழுக்க 18, 20 பாகை வேண்டும். அதனால் மீன் அனுப்பிய ரிஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவி, தேசிக்காய்த் தோலால் தேய்த்து, காயவைத்து எடு. பச்சைச் சீப்பையும் கனிந்த பழத்தையும் ஒரு கடதாசிப் பையில் ஒன்றாகப் போட்டு வாயை மடி. பொலித்தீன் பை வேண்டாம். வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், காற்றில்லாமல் புளித்தும் போகும். பையைப் பெட்டிக்குள் வை. போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயால் சுற்றி, பழத்தில் படாமல் ஓரத்தில் வை. இரவு படுக்கும்போது ஒருதரம், காலையில் பள்ளிக்கூடம் போகும்போது ஒருதரம் தண்ணீரை மாற்று. கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே. சூடு கூடினால் சதை குழைந்து, தோல் பச்சையாகவே நிற்கும்.

இன்னொன்று, இதை நீ மறப்பாய் என்று எனக்குத் தெரியும். பெட்டியை ஒரு நாளைக்கு ஒருதரமாவது திறந்து விடு. காய் பழுக்கும்போது மூச்சு விடுகிறது. ஒட்சிசனை எடுத்து காபனீரொட்சைட்டை விடுகிறது. அந்த வாயு பெட்டிக்குள் தேங்கினால் பழுப்பது தடைப்படும். பெரிய கம்பனிக்காரர்களின் பழுக்க வைக்கும் அறையிலும் இதற்காகத்தான் காற்றை மாற்றுகிறார்கள். அதேபோல், நீ வாங்கிக் குவித்திருக்கிற கரட்டையும் கோவாவையும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதே. எதிலீன் பட்டால் கரட் கசக்கும், கீரையும் கோவாவும் மஞ்சளாகிவிடும். கரட் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கசப்புக் கரட் தின்றேன் என்று எனக்குச் சொல்லாதே.

திங்கள் பின்னேரம் பார்சல் கிடைக்கும். அன்றைக்கே பெட்டியில் போட்டால் புதன் இரவுக்குள் மஞ்சள் ஏறும் என்று நினைக்கிறேன். ஆனால் மஞ்சளைப் பார்த்து மாவைக் குழைக்காதே! வியாபாரிகள் வாழைப்பழத்தின் நிறத்தை ஏழு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முழுப் பச்சை ஒன்று, முழு மஞ்சள் ஆறு, கபிலப் புள்ளி விழுவது ஏழு. தின்ன ஆறு நல்லது. கேக்குக்கு ஏழும் தாண்ட வேண்டும். காம்பைத் தொட்டதும் பழம் சீப்பிலிருந்து கழன்று வர வேண்டும். உரித்தால் தோல் மெல்லிசாக இருக்க வேண்டும். ஒரு விரல் நுனி எடுத்து நாக்கில் வை. கொஞ்சம் கயர்த்தாலும் இன்னும் ஒரு நாள் பொறு. மணம்தான் பெரிய சாட்சி. அறைக் கதவைத் திறந்ததும் மணக்க வேண்டும்.

வியாழன் பின்னேரத்துக்குள் அப்படி வராவிட்டால் என்ன செய்வது என்று உன் நெஞ்சு இப்போதே அடிக்கும். மஞ்சளாகி, புள்ளி விழாத பழம் என்றால், தோலோடு தட்டில் வைத்து, 150 பாகை ஓவனில் அரை மணித்தியாலம் வரை விடு. தோல் கன்னங்கரேலென்று ஆகி, சதை களியாகிவிடும். ஆனால் அது குழைந்ததே தவிர முழுதாகப் பழுத்ததல்ல. மாவைச் சீனியாக்குகிற நொதியம் அந்தச் சூட்டில் செத்துவிடும். நீதான் இதை எனக்குச் சொல்லித்தர வேண்டும். அப்படிச் செய்தால் கேக்கில் இரண்டு மேசைக்கரண்டி சீனி கூடப் போடு. பச்சைக் காயை மட்டும் ஓவனில் வைத்துவிடாதே, அவித்த காய்தான் கிடைக்கும். அதற்கு மாறாக முந்திப் பழுத்துவிட்டால் பயமே இல்லை. உரித்து, பையில் போட்டு, பிரீசரில் வை. வெளியே எடுத்து இளகும்போது வடிகிற தண்ணீரை ஊற்றிவிடாதே, இனிப்பெல்லாம் அதில்தான். அதையும் சேர்த்தே பிசை.

உன்னோடு தங்கியிருக்கிற மிஸ், யாரோ கடைக்காரர் ஒரு கல் தருவதாகச் சொன்னா, ஒரே இரவில் பழுக்குமாம் என்று சொன்னாயே. அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்கு நித்திரையில்லை. அது கல்சியம் காபைட். ஈரம் பட்டால் அசற்றிலீன் வாயு விடும். அது எதிலீன் மாதிரி நடித்துத் தோலை மஞ்சளாக்கும், உள்ளே பாதிக் காய்தான். அந்தக் கல்லில் ஆசனிக்கும் பொசுபரசும் கலந்திருக்கும். இரும்பு ஒட்டுகிற பட்டறைச் சாமான் அது, குசினிச் சாமான் அல்ல. இந்தியாவில் 2011இலேயே பழத்துக்கு அதைப் பாவிக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் தடை எழுதிவைத்துவிட்டார்கள். மிஸ்ஸிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக வேண்டாம் என்று சொல். வயதில் மூத்தவ என்று வாய் மூடியிருக்காதே.

கேக்குக்கு அளவு சொல்கிறேன். நம்முடைய வீட்டில் செய்கிற மாதிரியே அங்கே செய்தால் நடுவில் குழி விழும். உயரமான இடத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். அப்பச்சோடா விடுகிற வாயு சட்டென்று விரிந்து கேக்கைத் தூக்கும், மா வெந்து இறுக முன் தூக்கினது கீழே விழும். அதனால் இங்கே ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா போட்டால் அங்கே முக்கால். கோதுமை மா 200 கிராம், மாஜரின் 125, சீனி 150க்குக் கொஞ்சம் குறைய, முட்டை 2, பிசைந்த பழம் 350 கிராம். உப்பு ஒரு சிட்டிகை, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, வனிலா. அங்கே ஈரம் சீக்கிரம் பறந்துவிடுவதால் பால் இரண்டு மேசைக்கரண்டி கூட விடு. அப்பச்சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். கதலியில் ஓரளவு இருக்கிறது, ஆனாலும் அரைத் தேசிக்காய் பிழிந்துவிடு. இல்லாவிட்டால் சவர்க்கார ருசி அடிக்கும். கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கிப் போட்டுவிடாதே. அது தின்ன ராசாத்தி, கேக்குக்கு வறட்டுப் பிறவி. விலையும் நெஞ்சைப் பிடிக்கும்.

மாவைச் சேர்த்த பிறகு பீட்டரைத் தொடாதே, அகப்பையால் நான்கு சுற்று, போதும். கூடக் கலக்கினால் ரப்பராகும். ஓவன் 180 பாகை, இங்கே வைப்பதைவிடப் பத்துக் கூட. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஈர்க்குக் குத்திப் பார். வியாழன் இரவே செய்துவிடு. வாழைப்பழக் கேக் சுட்ட அன்றைக்கு விட மறுநாள்தான் ருசி, ஈரம் ஒரே சீராகப் பரவியிருக்கும். ஆறின பிறகு சுற்றிவை. சூட்டோடு மூடினால் மேல்பக்கம் பிசுபிசுக்கும்.

போக்குவரத்தைப் பற்றியும் சொல்கிறேன், கோபிக்காதே. அடுத்த லீவுக்கு இரவு பஸ்ஸில் வராதே. கண்டியில் விடியற்புறம் இறங்கித் தனியாக நிற்கவும் வேண்டாம். பகலில் வா, ஒரு நாள் வீணானாலும் பரவாயில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி இங்கே மிதவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை ஆற்றிலிருந்து தூக்கிவந்த காலையிலிருந்து, நம்முடைய ஆட்கள் யாராவது பயணத்தில் இருக்கிறார்கள் என்றால் சேர்ந்தேன் என்ற சொல் வரும்வரை என் கை வேலையில் நிற்பதில்லை. உனக்குத் தெரியும். நீயும் அன்றைக்குக் கரையில் நின்றவள்தானே. இரண்டு வரி மெசேஜ் போடுவதற்கு உனக்கு என்ன செலவு?

இனி உம்மாவுக்குத் தெரியாமல் ஒன்று சொல்கிறேன். மூதூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை கட்டாரில். படத்தில் பளபளவென்று இருக்கிறார், பின்னால் பெரிய கார் ஒன்றும் நிற்கிறது. உம்மா அந்தப் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா. நோன்புப் பெருநாளுக்கு நீ வரும்போது பேசி முடித்துவிடலாம் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறா. நான் அவசரம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வேலை என்ன, குணம் என்ன, கட்டினால் உன்னைப் படிப்பிக்கப் போக விடுவாரா என்று உன் மச்சான் ஆள் வைத்து விசாரிக்கிறார். விவரம் வந்ததும் உனக்குத்தான் முதலில் சொல்வேன். அதுவரை உம்மா கேட்டால் தெரியாத மாதிரி இரு. வேண்டாம் என்று தோன்றினால் என்னிடம் நேராகச் சொல். அழுது முகம் வீங்கிக் கிடக்காதே. உன் வாயால் சரி என்று வராமல் இந்த வீட்டில் பெருநாளைக்கும் ஒன்றும் நடக்காது, அதற்கு நான் பொறுப்பு.

இடமாற்றத்துக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னாய். போடு, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எனக்கும் நீ பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் அது வரும்வரை அந்த ஊரில் விருந்தாளி மாதிரி பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு இருக்காதே. அலுமாரியில் உடுப்பை அடுக்கு. கம்பளி நல்லதாக ஒன்று வாங்கு, காசு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கேக்கை வெட்டும்போது ஆசிரியர் அறையில் சிற்றூழியர் அக்காவுக்கும் காவலாளி ஐயாவுக்கும் முதல் துண்டு போகட்டும். யாராவது செய்முறை கேட்டால் ஒளிக்காமல் சொல்லு. கேட்கிறவர்களின் பெயரையும் எனக்கு எழுது, நீ அங்கே யார் யாரோடு கதைக்கிறாய் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

கேக்கின் மேல்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி என்னை ஏமாற்ற வேண்டாம். வெட்டின பக்கத்தைக் காட்டு.

வஸ்ஸலாம்.

உன் ராத்தா

பி.கு.: ரிஜிபோம் பெட்டி மீன்காரரிடம் இரவலாக வாங்கினது. இந்தப் பார்சலைக் கொண்டுவருகிற சேர் அடுத்த முறை வரும்போது மறக்காமல் கொடுத்துவிடு. வெறும் பெட்டியாக அனுப்பாதே, லீக்ஸும் கரட்டும் போட்டு அனுப்பு.